'ணும்' என்றால் மஸ்ட்டா, ஷுட்டா? ஆங்கிலத்தில் அறிவுரை, கட்டாயம், அனுமதி சொல்லப் பழகுவது எப்படி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்த புதிது. துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, லேப் டிப் என்று சின்னச் சின்னத் துணித்துண்டுகளை வெளிநாட்டுப் பையருக்கு, அதாவது எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குகிறவருக்கு, அனுப்புவோம். அனுப்பி ஒன்பது நாளாகியும் பதில் இல்லை. பதில் வந்தால்தான் துணி சாயப்பட்டறைக்குப் போகும், இல்லையென்றால் ஷிப்மெண்ட் தேதியே தள்ளிப்போகும். 'நீங்க இன்னைக்குள்ள அப்ரூவ் பண்ணணும்' என்று மனதில் ஓடியதை அப்படியே ஆங்கிலமாக்கி, 'யூ மஸ்ட் அப்ரூவ் தி லேப் டிப் டுடே' என்று மெயில் போட்டேன். பதில் எனக்கு வரவில்லை, எங்கள் மேனேஜருக்கு வந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டு, மெயிலைத் திரையில் காட்டி, 'கண்ணு, இதைக் கேட்டு எழுதுனியா, உத்தரவு போட்டு எழுதுனியா?' என்றார். 'கேட்டுத்தானுங்க சார் எழுதினேன்' என்றேன். அவர் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, 'வி நீட் யுவர் அப்ரூவல் டுடே டு கீப் தி ஷிப்மெண்ட் டேட்' என்று அடித்தார். விஷயமும் அதேதான், அவசரமும் அதேதான். முதல் வரியில் நான் பையருக்கு ஆணையிடுகிறேன், இரண்டாவதில் எங்கள் தேவையைச் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் இலக்கணத்தில் பிழை இல்லை. பிழை எங்கே என்று புரிய எனக்குப் பல மாதங்கள் ஆனது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வேலைக்கு வந்து, ஆங்கிலத்தில் மெயில் எழுதவும் போனில் பேசவும் வேண்டியிருக்கிற தம்பி தங்கைகளுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் 'ணும்' எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள்

'எனக்கு ஒரு டீ வேணும்.' இது ஆசை. 'நான் அஞ்சு மணிக்குக் கிளம்பணும்.' இது நிர்ப்பந்தமாகவும் இருக்கலாம், விருப்பமாகவும் இருக்கலாம். 'நீ கொஞ்சம் உடம்பைப் பாத்துக்கணும்.' அறிவுரை. 'வண்டி ஓட்டுனா ஹெல்மெட் போடணும்.' சட்டம். 'இந்த வருஷமாவது மழை பெய்யணும்.' ஏக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே வேண்டும், ஒரே ணும். இதில் நமக்குக் குழப்பமே வருவதில்லை, ஏனென்றால் எவ்வளவு அழுத்தம் என்பதை நாம் வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். 'கொஞ்சம்' என்று சேர்த்தால் இளகிவிடும், 'கண்டிப்பா' என்றால் இறுகும், கடைசியில் ஒரு 'ங்க' போட்டால் மரியாதை வந்துவிடும், மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் அழுத்தம் அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மஸ்ட், ஹேவ் டு, நீட் டு, ஷுட், வான்ட் டு என்று ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மஸ்ட் போட்டுவிட்டு முன்னால் ஒரு ப்ளீஸ் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம், ஆகாது. அதனால் 'ணும்' என்று மனதில் வந்தவுடன் கை தானாக மஸ்ட் அடிக்கும் பழக்கத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. நிறுத்திவிட்டு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் 'கட்டாயம்' யாரிடமிருந்து வருகிறது? என்னிடமிருந்தா, விதியிலிருந்தா, சூழ்நிலையிலிருந்தா, இல்லை கட்டாயமே இல்லாமல் ஒரு யோசனைதானா? பதில் கிடைத்துவிட்டால் சொல்லும் கிடைத்துவிடும்.

வடிவத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம்

கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட். இவற்றை மோடல் வெர்ப் என்கிறார்கள். இதில் வரும் குட், 'குட் மார்னிங்'கில் வரும் குட் இல்லை, கேனுக்கு உறவுக்காரச் சொல்; தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்களுக்குப் பின்னால் வினை அப்படியே வெறுமனே வரும். 'யூ மஸ்ட் டு சைன்' தவறு, 'யூ மஸ்ட் சைன்' சரி. அவன், அவள் என்று வந்தாலும் வால் ஒட்டாது: 'ஷீ கேன் ஸ்பீக்ஸ்' தவறு, 'ஷீ கேன் ஸ்பீக்' சரி. கேள்வி கேட்க டூ, டஸ் தேவையில்லை, சொல்லை முன்னால் தூக்கிப் போட்டால் போதும்: 'கேன் ஐ லீவ்?' இரண்டு மோடலை அடுத்தடுத்து அடுக்கக் கூடாது. 'வி வில் கேன் ஷிப் ஆன் ஃப்ரைடே' என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அது 'வி வில் பி ஏபிள் டு ஷிப் ஆன் ஃப்ரைடே' என்று வர வேண்டும்.

ஹேவ் டு, நீட் டு இரண்டும் பொருளில் இவற்றோடு சேர்ந்தவை, நடத்தையில் சாதாரண வினைகள். அதனால் 'ஷீ ஹேஸ் டு கோ' என்று மாறும், கேள்வியில் 'டஸ் ஷீ ஹேவ் டு கோ?' என்று வரும்.

மஸ்ட்டுக்கு இறந்தகாலம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் மஸ்ட்டே ஒரு இறந்தகால வடிவமாக இருந்த சொல். நிகழ்கால வடிவம் வழக்கொழிந்துபோக, இது மட்டும் நிகழ்காலத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே 'நேத்து நான் பத்து மணி வரைக்கும் இருக்க வேண்டியதாப் போச்சு' என்பதற்கு 'ஐ ஹேட் டு ஸ்டே டில் டென்' என்றுதான் சொல்ல முடியும். 'ஐ மஸ்ட் ஹேவ் ஸ்டேய்ட்' என்றால் 'இருந்திருப்பேன் போல' என்று ஊகமாகிவிடும். விடுப்புக் கடிதத்தில் இந்தத் தவறு வந்தால் படிப்பவருக்குத் தலைகால் புரியாது.

கட்டாயம்: மஸ்ட்டா, ஹேவ் டுவா?

சொல்கிறவரின் அதிகாரத்திலிருந்தோ, எழுதி வைத்த விதியிலிருந்தோ கட்டாயம் வந்தால் மஸ்ட். வெளியிலிருந்து, வேறு யாரிடமிருந்தோ சூழ்நிலையிலிருந்தோ வந்தால் ஹேவ் டு. 'ஐ மஸ்ட் கால் அம்மா' என்றால் எனக்கே மனதில் தோன்றியது, ரொம்ப நாளாகப் பேசவில்லை. 'ஐ ஹேவ் டு கால் தி பையர் பை ஃபைவ்' என்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது வேலை அப்படி. இந்தக் கோடு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அமெரிக்கர்கள் பேச்சில் பெரும்பாலும் ஹேவ் டுதான், மஸ்ட் அவர்கள் வாயில் அரிதாகத்தான் வரும். சந்தேகம் வந்தால் ஹேவ் டு போடுங்கள், பேச்சில் அது எங்கேயும் உறுத்தாது.

மஸ்ட்டின் சொந்த ஊர் அறிவிப்புப் பலகை. 'ஆல் விசிட்டர்ஸ் மஸ்ட் சைன் இன்', 'ஹெல்மெட்ஸ் மஸ்ட் பி வோர்ன்'. அங்கே அது யாரையும் புண்படுத்தாது, ஏனென்றால் குறிப்பிட்ட ஆள் யாரும் எதிரில் இல்லை. அதே சொல்லை 'யூ' என்று ஆரம்பித்து ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே வைக்கும்போதுதான் சுடுகிறது. நான் எழுதிய மெயிலில் நடந்தது அதுதான்.

இந்தச் சொற்களின் எடையை எழுதுகிறவர்கள் எவ்வளவு கவனமாக நிறுக்கிறார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பிரிட்டனின் சாலைவிதிக் கையேடான ஹைவே கோட், 1931-இல் முதலில் வந்தது, இன்றும் திருத்தித் திருத்தி வெளியாகிறது. அதில் மஸ்ட், மஸ்ட் நாட் என்று வந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். ஷுட் என்று வந்தால் அறிவுரை. அதைப் பின்பற்றாததற்காக மட்டும் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் விபத்து என்று வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் அதை எடுத்துக் காட்டலாம். இங்கிலாந்தில் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் இந்த ஒரு சொல் வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஐடி வேலைக்குப் போகிறவர்கள் எப்படியும் பார்க்கப்போகிற ஒரு ஆவணம்: 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2119. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும்போது மஸ்ட், ஷுட், மே என்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று வரையறுப்பதற்காகவே எழுதப்பட்டது. மஸ்ட் என்றால் விதிவிலக்கே இல்லை. ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவை யோசித்துவிட்டு விலகலாம். மே என்றால் செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் இந்த இடத்தில் ஷல் வரும். நம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு, 14-ஆவது பிரிவு எல்லாம் ஷல்லில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பர்ச்சேஸ் ஆர்டரில் 'தி சப்ளையர் ஷல் டெலிவர்' என்று இருந்தால் அது எதிர்காலத்தைச் சொல்லவில்லை, நீங்கள் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. படிக்கும்போது அப்படிப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மெயில் எழுதும்போது இந்தப் பொருளில் ஷல்லைத் தொட வேண்டாம்.

மஸ்ட்டை ஆள் முகத்துக்கு நேரே சொல்லியும் இனிக்கிற ஒரு இடம் இருக்கிறது, விருந்தோம்பல். 'யூ மஸ்ட் கம் ஃபார் த வெட்டிங்', 'யூ மஸ்ட் ட்ரை திஸ்'. நாம் பத்திரிகை கொடுக்கும்போது 'குடும்பத்தோட அவசியம் வரணும்' என்று சொல்கிறோமே, அதே அன்பு, அதே அழுத்தம். கேட்கிறவருக்கு நன்மை தருகிற விஷயத்தில் எவ்வளவு வற்புறுத்தினாலும் கோபம் வராது. உங்களுக்கு நன்மை தருகிற விஷயத்தில் வற்புறுத்தினால்தான் வரும். பையர் கல்யாணத்துக்கு வர மஸ்ட், லேப் டிப் அப்ரூவ் பண்ண மஸ்ட் கிடையாது.

கூடாது வேறு, வேண்டியதில்லை வேறு

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய துணை, தயவுசெய்து அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மஸ்ட் நாட் என்றால் கூடாது. டோன்ட் ஹேவ் டு என்றால் வேண்டியதில்லை. நீடின்ட் என்பதும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் மஸ்ட்டும் ஹேவ் டுவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க, நாட் சேர்ந்தவுடன் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விடுவதால் பிற மொழிக்காரர்கள் பலரும் இங்கே தடுமாறுகிறார்கள். நமக்கோ கூடாது, வேண்டியதில்லை என்று இரண்டு தனிச்சொற்கள் கையில் தயாராக இருக்கின்றன.

ஆனால் பேச்சில் 'வேணாம்' என்று ஒன்று இருக்கிறது, அதுதான் காலை வாரும். 'பிரின்ட் மேல அயர்ன் பண்ண வேணாம்.' இது தடையா, தேவையில்லை என்பதா? நம் பேக்கிங் செக்‌ஷனில் சொன்னால் எல்லாருக்கும் தடை என்றுதான் புரியும், ஏனென்றால் ரப்பர் பிரின்ட் மேல் சூடான அயர்ன் பாக்ஸை வைத்தால் பிரின்ட் உருகி அயர்ன் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதையே ஆங்கிலத்தில் குறிப்பெழுதும்போது 'யூ டோன்ட் ஹேவ் டு அயர்ன் தி பிரின்ட்' என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் 'அவசியமில்லையாம், பண்ணினால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும்' என்று அயர்ன் பாக்ஸை எடுத்துவிடுவார். அங்கே 'டூ நாட் அயர்ன் ஆன் தி பிரின்ட்' அல்லது 'யூ மஸ்ட் நாட் அயர்ன் தி பிரின்ட்' என்றுதான் இருக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. நாளைக்கு வேலை குறைவு, வர அவசியமில்லை என்று ஒருவரிடம் நல்லெண்ணத்தில் சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்றால், என்ன தப்புப் பண்ணினோம் என்று அவர் இரவெல்லாம் தூங்க மாட்டார்.

இதற்குச் சோதனை சுலபம். மனதில் வேணாம் என்று வந்தால், அந்த இடத்தில் கூடாது போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் மஸ்ட் நாட் அல்லது கான்ட். பொருந்தவில்லை, 'தேவையில்லை'தான் பொருந்துகிறது என்றால் டோன்ட் ஹேவ் டு.

அறிவுரை சொல்ல ஷுட் மட்டும் போதாது

'யூ ஷுட் சீ எ டாக்டர்.' நண்பனிடம் இது போதும். கொஞ்சம் தள்ளி இருப்பவரிடம், வயதில் மூத்தவரிடம், வாடிக்கையாளரிடம் வெறும் ஷுட் கொஞ்சம் நெருடும். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. முன்னால் 'ஐ திங்க்' சேர்த்தால் பாதி போய்விடும். 'மேபீ யூ குட் ட்ரை எ டார்க்கர் ஷேட்' என்றால் முழுக்கப் போய்விடும், அது அறிவுரையாகவே இல்லாமல் ஒரு யோசனையாக நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'இஃப் ஐ வேர் யூ, ஐ வுட்...' என்று ஆரம்பிப்பது. நாம் 'நானா இருந்தா டாக்டரைப் பாத்துட்டு வந்திருவேன்' என்று சொல்வதில்லையா, அச்சு அசல் அதேதான். 'இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் சீ எ டாக்டர்.' தமிழில் யோசித்தது நேராக ஆங்கிலத்தில் போய் அமர்கிற இடங்கள் குறைவு, இது அப்படிப்பட்ட ஒன்று, தைரியமாகப் பயன்படுத்துங்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை, நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் அறியாமல் செய்கிற தவறு இது. தமிழ்ப் பேச்சில் பெட்டர் என்ற சொல் ரொம்ப மென்மையானது. 'நாளைக்குப் போறது பெட்டர்ங்க.' அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் 'யூ பெட்டர் செண்ட் இட் டுமாரோ' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'யூ ஹேட் பெட்டர்', பேச்சில் 'யூ பெட்டர்', இரண்டுமே எச்சரிக்கை. செய்யாவிட்டால் விளைவு மோசமாக இருக்கும் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. மழை வருவதுபோல இருக்கும்போது 'வி'ட் பெட்டர் கோ' என்று நம்மையும் சேர்த்துச் சொல்லலாம். பெற்றோர் பிள்ளையிடம் சொல்லலாம். பையரிடமும் மேலதிகாரியிடமும் ஒருபோதும் வேண்டாம். 'இட் வுட் பி பெட்டர் டு செண்ட் இட் டுமாரோ' என்று முழுதாக எழுதினால் நாம் நினைத்த மென்மை கிடைத்துவிடும்.

எதிர்த்திசையில் ஒன்று: வெளிநாட்டு மேலதிகாரி உங்களிடம் 'யூ மைட் வான்ட் டு செக் தி மெஷர்மெண்ட்ஸ்' என்றால், 'வேண்டுமானால் பார்' என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் 'போய்ப் பார்' என்றுதான் அர்த்தம்.

நடந்து முடிந்ததற்கு ஷுட் ஹேவ். 'நேத்தே சொல்லியிருக்கணும்' என்பது 'யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ யெஸ்டர்டே'. எதிராளியைப் பார்த்துச் சொன்னால் குற்றச்சாட்டு, நம்மைப் பற்றிச் சொன்னால் நல்ல மன்னிப்பு. 'ஐ ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் யூ எர்லியர்' என்ற ஒரு வரி, வெறும் சாரியைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் எது தவறு என்று நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

அனுமதி: 'லாமா' என்று கேட்பது

பள்ளிக்கூடத்தில் 'மே ஐ கமின் மிஸ்' என்று வாசலில் நின்றோமே, பலருக்கும் முதலில் மனப்பாடமான ஆங்கில வாக்கியம் அதுதான். தவறே இல்லாத வாக்கியம். ஆனால் மே இப்போது மிகவும் மரியாதைக்குரிய இடங்களில் மட்டும் வாழ்கிறது: நேர்முகத் தேர்வு, போனில் 'மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?', சபையில் பேச அனுமதி கேட்பது. தினசரி அலுவலகத்தில் 'கேன் ஐ' போதும், கொஞ்சம் பணிவு வேண்டுமென்றால் 'குட் ஐ'. கேன் என்றால் திறமை மட்டும்தான், அனுமதிக்கு மேதான் என்று யாராவது திருத்தினால் கவலைப்பட வேண்டாம், கேனில் அனுமதி கேட்பது எல்லா ஊரிலும் இயல்பாக நடப்பதுதான்.

கேட்கும்போது குட் போடலாம், கொடுக்கும்போது போடக் கூடாது. 'குட் ஐ லீவ் எர்லி டுடே?' என்று கேட்டவரிடம் 'யெஸ், யூ குட்' என்றால் அரைகுறையாகத் தொங்கும். 'யெஸ், யூ கேன்', இல்லாவிட்டால் 'ஷ்யூர், கோ அஹெட்'. மறுக்கும்போது 'யூ மே நாட்' என்பது ஹெட்மாஸ்டர் குரல். 'ஐ'ம் அஃப்ரெய்ட் யூ கான்ட் டுடே, பிகாஸ்...' என்று காரணத்தோடு சொல்லுங்கள். அப்புறம், மே நாட்டுக்கு இன்னொரு முகம் இருக்கிறது: 'தி கன்டெய்னர் மே நாட் லீவ் டுடே' என்றால் கன்டெய்னர் இன்று கிளம்பாமல் போகலாம், தடை எதுவும் இல்லை. தடை என்றால் 'கெனாட் லீவ்' என்று எழுதிவிடுவது நல்லது.

'லாம்' என்பதும் 'ணும்' மாதிரியே பல வேலை பார்க்கிற சொல்தான். 'நீங்க போகலாம்' அனுமதி: யூ கேன் கோ. 'வாங்க போகலாம்' அழைப்பு: லெட்ஸ் கோ. 'அவர் வரலாம்' வாய்ப்பு: ஹீ மைட் கம். 'சாப்பிடலாமா?' என்று எல்லாரையும் சேர்த்துக் கேட்டால் ஷல் வி ஈட். ஷல்லைத் தொட வேண்டாம் என்று முன்னால் சொன்னேன், இந்த 'ஷல் வி'யும், 'நான் எடுத்துட்டு வரட்டுமா?' என்பதற்கான 'ஷல் ஐ'யும் விதிவிலக்கு. அந்த 'ட்டுமா'வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் கிடையாது. 'ஷல் ஐ செண்ட் தி ரிவைஸ்ட் சாம்பிள்?' அளவான, அழகான வாக்கியம்.

'வுட் யூ மைண்ட்' என்று கேட்டால் பதில் சொல்லும்போது நிதானியுங்கள். 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓபன் தி விண்டோ?' என்றால் திறந்தால் உங்களுக்குச் சங்கடமா என்று கேட்கிறார். தலையாட்டிக்கொண்டே 'யெஸ்' என்றால் ஆமாம் சங்கடம்தான் என்று ஆகிவிடும். திறக்கட்டும் என்றால் 'நாட் அட் ஆல்' என்று சொல்ல வேண்டும்.

வுட்டைப் பற்றி இன்னொரு சொல். மரியாதையாக இருக்கும் என்று நினைத்து வில் வர வேண்டிய இடத்திலெல்லாம் வுட் போடுகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. 'வி வுட் ஷிப் ஆன் ஃப்ரைடே' என்று எழுதினால் வெளிநாட்டில் படிப்பவர், 'எது நடந்தால்?' என்று கேட்பார். அனுப்பப்போவது உறுதி என்றால் வில்.

வாயில் வரும்போது

ஷுட், குட், வுட் மூன்றிலும் எழுத்தில் எல் இருக்கும், சத்தத்தில் இருக்காது. ஹேவ் டு என்பது வேகமாகப் பேசும்போது 'ஹேஃப்டு' என்று கேட்கும். மஸ்ட் நாட் சுருங்கி 'மஸ்ன்ட்' ஆகும், நடுவில் வரும் டி காணாமல் போகும். போனில் அதிகம் தகராறு செய்வது கேன், கான்ட் இரண்டும்தான். பிரிட்டிஷ்காரர் கான்ட் என்று நீட்டுவார், சுலபம். அமெரிக்கர் கேன்ட் என்பார், கடைசி டி காதில் விழாது. அப்போது அழுத்தத்தைக் கவனியுங்கள்: முடியும் என்றால் கேன் ஒடுங்கி 'கன்' என்று ஓடிவிடும், அடுத்த வினையில் அழுத்தம் விழும், முடியாது என்றால் கேன்ட்டிலேயே அழுத்தம் விழும். நாம் பேசும்போது சந்தேகமே வேண்டாம் என்றால் 'கெனாட்' என்று முழுதாகச் சொல்லிவிடலாம், தேதி, விலை மாதிரியான விஷயங்களில் நான் இன்றும் அப்படித்தான் சொல்கிறேன்.

பழகும் முறை

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒரு நாள் முழுக்க உங்கள் வீட்டிலும் வேலையிலும் காதில் விழுகிற ணும், லாம், கூடாது, வேணாம், ட்டுமா வாக்கியங்களில் பத்தை மட்டும் தமிழிலேயே எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் யாரிடம் சொன்னார், கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம்தான் ஆங்கிலம். 'அம்மா: மாத்திரையை நேரத்துக்குப் போடணும்.' அம்மா மகளிடம், அக்கறை. யூ ஷுட் டேக் யுவர் டேப்லெட்ஸ் ஆன் டைம். அதையே டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால்? கட்டாயம் டாக்டரிடமிருந்து வருகிறது. ஷீ ஹேஸ் டு டேக் ஹெர் டேப்லெட்ஸ் ஆன் டைம். தமிழ் வாக்கியம் மாறவே இல்லை, ஆங்கிலம் மாறிவிட்டது பாருங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால், மஸ்ட் அடிக்கப் போகிற கை தானாகவே ஒரு நொடி நிற்கும்.

மெயிலுக்கு வேறொரு பயிற்சி. அனுப்பும் முன் 'யூ மஸ்ட்', 'யூ பெட்டர்', 'யூ ஹேவ் டு' மூன்றையும் தேடுங்கள். கிடைத்தால், 'யூ' என்று தொடங்குவதை 'வி நீட்' என்றோ 'குட் யூ' என்றோ மாற்ற முடியுமா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது முறை முடியும். அந்தப் பத்தாவது, ஒப்பந்தத்திலேயே இருக்கிற விதியாக இருக்கும், அங்கே மஸ்ட் இருக்கட்டும்.

போன வாரம் எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி ஒரு மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். 'டியர் சார், யூ மஸ்ட் சேஞ்ச் தி பட்டன். யூ பெட்டர் டெல் பை டுமாரோ. அதர்வைஸ் வி வுட் டிலே தி ஷிப்மெண்ட்' என்று இருந்தது. மூன்று வரியும் அக்கறையில் எழுதியவை. படித்தால் மூன்றும் மிரட்டல். பட்டனை மாற்றச் சொல்வது யாருடைய கட்டாயம் என்று கேட்டேன். 'கட்டாயமெல்லாம் இல்லைங்கக்கா, இந்த பட்டன் சப்ளையர்கிட்ட ஸ்டாக் இல்லை, அதான்' என்றாள். அப்படியானால் அதையே சொல் என்றேன். அவளே உட்கார்ந்து மாற்றி எழுதினாள்: 'டியர் சார், தி சப்ளையர் டஸ் நாட் ஹேவ் திஸ் பட்டன் இன் ஸ்டாக். குட் வி யூஸ் தி அட்டாச்ட் ஒன் இன்ஸ்டெட்? வி நீட் டு நோ பை டுமாரோ, ஆர் தி ஷிப்மெண்ட் மே பி டிலேய்ட்.' கடைசி வரியில் வில் போடலாமா, மே போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கிறது என்று மேயை வைத்தே அனுப்பினாள்.